முதல் இணையவழிப் பாடத்தை எழுதுவது எப்படி?

இணையவழிப் பாடம் எழுதப் புதிதாக முன்வருபவர்கள் பெரும்பாலும் ஸ்லைடுகளில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன், பாடத்தின் முடிவில் மாணவர் தாமாகச் செய்துகாட்ட வேண்டியது என்ன என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். “பின்னங்களைப் புரிந்துகொள்வார்” என்பதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. “பகுதி வேறுபட்ட இரண்டு பின்னங்களைக் கூட்டுவார்” என்பதைச் சோதிக்கலாம்.

நோக்கம் முடிவானதும், பாடத்தை எழுதுவதற்கு முன்பே, விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவை எழுதுங்கள்: 1/2 + 1/3 எவ்வளவு? விடை 5/6. தவறான விடைகளை மனம்போன போக்கில் நிரப்பாமல், மாணவர்கள் உண்மையில் தடுமாறும் இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டிவிடுபவருக்கு 2/5 கிடைக்கும்; பொதுப் பகுதி 6 என்று கண்டுபிடித்தும் தொகுதிகளை மாற்ற மறந்தவருக்கு 2/6 கிடைக்கும். வகுப்பறையில் நோட்டைப் பார்த்ததுமே இந்த வேறுபாடு நமக்குத் தெரிந்துவிடும். இணையத்தில் நாம் அருகில் இல்லாததால், ஒவ்வொரு தவறான விடைக்கும் தனித்தனிப் பின்னூட்டம் எழுதிவைப்பதே இப்பணியின் மிக முக்கியமான பகுதி என்று கருதுகிறேன். 2/5-ஐத் தேர்ந்தெடுத்தவரிடம் “தவறு, மீண்டும் முயல்க” என்பதால் பயனில்லை. “2/5 அரையைவிடக் குறைவு, அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் குறையுமா?” என்று கேளுங்கள். 2/6-ஐத் தேர்ந்தெடுத்தவரிடம், “2/6 என்பது 1/3-தானே, அப்படியானால் 1/2 எங்கே போயிற்று?” என்று கேளுங்கள்.

இப்போதுதான் விளக்கத்துக்கு வர வேண்டும். ஒரு கணக்கை முழுமையாகச் செய்துகாட்டி, அடுத்ததில் கடைசி வரியை மட்டும் மாணவருக்கு விட்டுவைத்து, மூன்றாவதை அவரிடமே ஒப்படையுங்கள். ஆறு சமக் கட்டங்களாகப் பிரித்த ஒரு செவ்வகத்தில் மூன்று கட்டங்களை ஒரு நிறத்திலும் இரண்டை வேறு நிறத்திலும் தீட்டி, 3/6, 2/6 என்று கட்டங்களின் மேலேயே எழுதிவிடுங்கள். நிறத்தை மட்டும் நம்பினால் நிறக்குருடு உள்ளவர் தவித்துப்போவார்.

காணொலி சேர்ப்பதாயின் சுருக்கமாக இருக்கட்டும். எட்எக்ஸ் (edX) என்னும் இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வும் 6 நிமிடத்துக்குள் பிரித்துக்கொள்ளவே பரிந்துரைத்தது.

எழுத்துகளை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். படமாக ஒட்டினால், பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானால் படிக்க முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டு விகிதம் (contrast ratio) குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும்.

வெளியிடுமுன் ஒரு மாணவரிடம் பாடத்தைக் கைபேசியில் கொடுத்து, எதுவும் சொல்லித்தராமல் பக்கத்தில் அமர்ந்து கவனியுங்கள். அவர் திரும்பத் திரும்ப மேலே நகர்த்திப் படிக்கும் பத்தியை முதலில் திருத்தி எழுதுங்கள்.