குழந்தையின் முதல் ஆண்டுத் தடுப்பூசி: தேதி எங்கே தவறுகிறது?

தடுப்பூசியே வேண்டாம் என்பவர்களிடம் பேசிப் புரியவைத்துவிடலாம். ‘இந்தப் புதன் போகட்டும், அடுத்த புதன் பார்த்துக்கொள்ளலாம்’ என்பவர்களிடம்தான் பேச்சு எடுபடுவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஊசி நாள் புதன்கிழமை. இரண்டு மூன்று புதன் இப்படிக் கழிந்தால் ஒரு தவணையே தள்ளிப்போய்விடும்.

அதற்குச் சொல்லும் முதல் காரணம் சளி. குமரி மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. மூக்கு ஒழுகாத நாளாகப் பார்த்துப் போவதென்றால் ஊசி போட நாளே கிடைக்காது. லேசான சளி, இருமல், காய்ச்சல் எதுவும் தடை அல்ல. கடும் காய்ச்சல் இருந்தால் தள்ளிவைப்பார்கள். அதைச் செவிலியர் பார்த்துச் சொல்லட்டும், வீட்டுத் திண்ணையில் முடிவு செய்ய வேண்டாம். குறைமாதத்தில் பிறந்திருந்தாலும் பிறந்த தேதியிலிருந்தே கணக்கு.

அடுத்தது, ஆறாவது வாரத்து ஊசி. இடது தொடையில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், வலது தொடையில் நிமோனியா தடுப்பூசி, வலது கையில் போலியோ ஊசி, வாயில் போலியோ சொட்டும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்தும். ‘பிஞ்சு உடம்பு தாங்குமா, ஒன்றைப் பிறகு போடுங்களேன்’ என்று பாட்டிமார் கெஞ்சுவார்கள். தாங்கும். பிரித்துப் போட்டால் குழந்தைக்கு அழுகை இரண்டு நாளாகும், பாதுகாப்பும் தாமதமாகும். அன்றிரவு காய்ச்சல் வரலாம்; பாராசிட்டமால் அளவைக் கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரங்களில் கொப்புளமாகி உடைவது இயல்பு. மஞ்சளோ எண்ணெயோ தடவாதீர்கள்.

பிரசவம் திருவனந்தபுரத்தில், தாய்வீடு மார்த்தாண்டத்தில், கணவர் வீடு குளச்சலில் என்று அலையும் குடும்பங்களில் குழந்தை ஒரு வீட்டில், தடுப்பூசி அட்டை இன்னொரு வீட்டுப் பீரோவில் இருக்கும். தேசியத் தடுப்பூசி அட்டவணை இரு மாநிலத்துக்கும் பொது. எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே போடலாம். தனியார் மருத்துவமனையில் போட்டதையும் அதே அட்டையில் பதிந்து வாங்குங்கள். அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது.

தேதி தவறிவிட்டால், திட்டுவார்களே என்று பயந்து போகாமலே இருந்துவிடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட தவணையிலிருந்து, நான்கு வார இடைவெளியில் தொடரலாம். ஆனால் ரோட்டாவின் முதல் தவணையை ஒரு வயதுக்குப் பிறகு தரமாட்டார்கள்.

14ஆவது வாரத்து ஊசி முடிந்ததும் ‘ஊசியெல்லாம் முடிந்தது’ என்று பலர் அட்டையை மூடிவிடுகிறார்கள். நடுவில் கிட்டத்தட்ட ஆறு மாதம் ஊசி இல்லாததால் வரும் மறதி இது. ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை, நிமோனியா ஊக்கத் தவணை, மூன்றாவது போலியோ ஊசி, வைட்டமின் ஏ எல்லாம் பாக்கி இருக்கின்றன. அன்றே, 16ஆம் மாதத்துக்கு மேல் போட வேண்டியவற்றின் தேதியையும் அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள்.