அமெரிக்காவில் வாடகை வீடு தர மறுத்தால் புகார் கொடுப்பது எப்படி?

"உங்கள் ஊர்க்காரர்களுக்கு வீடு தருவதில்லை" என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வது அபூர்வம். "இப்போதுதான் வேறொருவர் முடித்துவிட்டார்" என்பார்கள். அடுத்த வாரமும் அதே விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த முரண்பாட்டைப் பிடித்து வைப்பதுதான் முக்கால்வாசி வேலை.

1968-இன் ஃபேர் ஹவுசிங் சட்டம் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு, பாலினம், உடல் அல்லது மனக் குறைபாடு, வீட்டில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருப்பது ஆகிய ஏழு காரணங்களுக்காக வீடு மறுப்பதைத் தடுக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. கிரெடிட் ஸ்கோர் போதாது என்று மறுக்கலாம்; ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

உரிமையாளரே குடியிருக்கும், நான்கு வீடுகளுக்கு மிகாத கட்டடத்துக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. அங்கும் "குழந்தைகள் கூடாது" என்று விளம்பரம் செய்ய முடியாது. இனத்தைக் காரணம் காட்டி மறுத்தால் 1866-இன் சிவில் உரிமைச் சட்டம் அந்த உரிமையாளர்களையும் விடாது. பல மாநிலச் சட்டங்கள் இன்னும் கண்டிப்பானவை.

பேசிய அன்றே தேதி, நேரம், பேசியவர் பெயர், அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே என எழுதி வையுங்கள். விளம்பரத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மறுப்புக்கான காரணத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் சொன்னதைப் பிறகு மறுத்துவிடுவார்கள்.

அடுத்து, வீடு வேறொருவருக்குப் போவதற்குள் வீட்டுப் பாகுபாட்டுக்கு எதிராக உதவும் உள்ளூர் ஃபேர் ஹவுசிங் அமைப்பை அழையுங்கள். இதைத் தாமதித்துத்தான் பலர் நல்ல வழக்கை இழக்கிறார்கள். வருமானமும் கிரெடிட்டும் ஏறக்குறைய ஒன்றாக, பின்னணி மட்டும் வேறாக உள்ள இருவரை அந்த அமைப்பு அதே வீட்டுக்கு விசாரிக்க அனுப்பலாம். ஒருவருக்கு "காலி", மற்றவருக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அதைவிட வலுவான சாட்சியம் கிடைப்பது கடினம்.

கூட்டாட்சி வீட்டுவசதித் துறையான ஹட்டிடம் ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும். கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. "மரியாதையாகப் பேசவில்லை" என்று மட்டும் எழுதினால் புகார் நிற்காது: எந்த முகவரி, எந்தத் தேதி, ஏழில் எந்தக் காரணம் என்று குறிப்பிடுங்கள். நேரடியாக நீதிமன்றம் போக இரண்டு ஆண்டு அவகாசம். புகார் ஹட்டின் விசாரணையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

ஏற்கெனவே குடியிருப்பவர் புகார் கொடுத்ததற்காக உரிமையாளர் வாடகையை ஏற்றினாலோ காலி செய்யச் சொன்னாலோ, அது தனிக் குற்றச்சாட்டு. அதையும் தேதியோடு சேர்த்துக் கொடுங்கள்.