மந்திரிப்பு இல்லாத கல்யாணத்துக்குப் போகலாமா?

பத்திரிகை கைக்கு வந்ததும் மண்டபம் எது என்று பார்க்காதீர்கள்; பெண்ணும் மாப்பிள்ளையும் யார் என்று பாருங்கள். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கருக்குக் கோவில் என்றாலே மாதா கோவில்தான்; அங்கே குருவானவர் முன்னால் நடக்கும் கல்யாணம்தான் மந்திரிப்பு. அதனால் கோவிலில் கல்யாணம் இல்லை என்றதும் முகம் மாறிவிடுகிறது. இருவரும் இந்துக்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். மந்திரிப்பு முறை கத்தோலிக்கரை மட்டுமே கட்டுப்படுத்தும். இந்துக்கள் தங்கள் வழக்கப்படி தாலி கட்டுவதைத் திருச்சபையும் திருமணமாகவே மதிக்கிறது. சி.எஸ்.ஐ. போன்ற பிராட்டஸ்டன்ட் சபை ஜோடிக்கும் அப்படித்தான். நான் போய் அட்சதை போடுவேன், பந்தியில் ரசம் இரண்டு தடவை கேட்பேன். ஓமத்தில் நெய் விடக் கூப்பிட்டால் மட்டும் சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்துவிடுவேன்.

மணமக்களில் ஒருவர் கத்தோலிக்கர் என்றால்தான் சிக்கல். அதிகாரம் பெற்ற குருவோ திருத்தொண்டரோ (டீக்கன்) முன்னிற்க, இரண்டு சாட்சிகளோடு நடக்காத திருமணம் அவர்களுக்குச் செல்லாது. வேறு முறையில் நடத்த ஆயர் (பிஷப்) விலக்குத் தந்திருந்தால் செல்லும். அதனால் முதலில் நேராகக் கேளுங்கள்: "சாமியார்கிட்ட பேசினீங்களா?"

நான் கேட்கவில்லை. கூடப் படித்தவள், எங்கள் பங்குப் பெண் (எங்கள் கோவிலைச் சேர்ந்தவள்), ஓர் இந்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்தாள். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி நோட்டீஸ் ஒட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும், 3 சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அதில் ஒருத்தியாக என்னைக் கூப்பிட்டாள். அந்த 30 நாளும் மழுப்பிவிட்டு, அன்று காலையில் காய்ச்சல் என்று போனில் சொன்னேன். சாயங்காலம் சீலா மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது அவள் அண்ணன் பார்த்துவிட்டார். நாலு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

பொய் மட்டும் வேண்டாம். திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1752 சட்டங்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போகாதே என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. முடிவு நம் மனச்சாட்சியிடம் இருக்கிறது. என் கணக்கில், சாட்சிக் கையெழுத்து வேறு, வரவேற்பில் போய் நிற்பது வேறு. முன்னதற்கு முடியாது என்று ஒரு மாதம் முன்பே, வீட்டுக்குப் போய்ச் சொல்வேன், பின்னதற்குப் போவேன். முதல் துணை உயிரோடு இருக்க, அந்தத் திருமணம் செல்லாது என்று திருச்சபை தீர்ப்புத் தராமல் நடக்கும் இரண்டாம் கல்யாணமா? அதற்கு நான் போவதில்லை. பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன்.

ஏன் மந்திரிப்பு வேண்டாம் என்கிறார்கள் என்று கேட்டால் பாதி சிக்கல் அங்கேயே அவிழும். மாப்பிள்ளை ஞானஸ்நானம் எடுத்தே ஆகவேண்டும் என்று என் தோழி நினைத்திருந்தாள். அப்படி இல்லை. ஆயரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததெல்லாம் செய்வேன் என்று இவள் வாக்குத் தர வேண்டும். அது மாப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் போதும். இதை நான் சொல்லியிருக்கலாம். பிறகு அவள் மகனின் ஞானஸ்நானத்துக்குப் போனபோது பங்குத்தந்தையே சொல்லியிருக்கிறார்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கோவிலில் பத்துப் பேர் மட்டும் இருக்க மந்திரிப்பு நடந்தது. சாட்சி நான்தான். பதிவேட்டைத் திருப்பி வைத்துப் பேனாவை எடுத்ததும் காதோரம் கேட்டாள்: "காய்ச்சல் இப்பவாவது விட்டுச்சாடி?"