பூங்காக்களைக் கோக்கும்போது நூல் அறும் இடங்கள்

நகர வரைபடத்தை விரித்து, இருக்கும் பூங்காக்களுக்கெல்லாம் பச்சை பூசி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்துவிட்டால் பூங்காக்களை இணைக்கும் பசுமை வலைப்பின்னல் தயார் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அப்படிப்பட்ட ஒரு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கோடு போன வழியே ஒருமுறை நடந்து பார்த்தேன். கால்வாயோரமாக அரை மணி நேரம் நல்ல நிழல். பிறகு ஒரு கம்பிவேலி; வேலிக்கு அந்தப் பக்கம் ஆறு வழிச் சாலை. எதிர்ப்பக்கப் பூங்காவின் மரங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, போகத்தான் வழியில்லை. சிக்னலைத் தேடி வெயிலில் நெடுந்தூரம் சுற்ற வேண்டியிருந்தது. வரைபடத்தில் அந்த இடம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது.

வலைப்பின்னல் நிற்பதும் விழுவதும் அந்த மில்லிமீட்டரில்தான். பறவை பறந்து போய்விடும். தவளையும் ஓணானும் என்ன செய்யும்? சக்கர நாற்காலியில் வருபவர் என்ன செய்வார்? சிங்கப்பூரில் 1986இல் கட்டி முடிந்த புக்கித் தீமா விரைவுச்சாலை, ஒட்டிக்கிடந்த இரண்டு காட்டுக் காப்பகங்களைப் பிளந்துவிட்டது. கடக்க முயன்ற அழுங்குகள் (செதில் போர்த்திய எறும்புத்தின்னிகள்) வண்டியில் அடிபட்டுச் செத்தன. 2013இல் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டி, அதில் மண் கொட்டி மரம் வளர்த்து, இரண்டு பக்கத்தையும் மறுபடி சேர்த்தார்கள். இடையில் போனது 27 ஆண்டுகள்.

ஆகவே சாலையைக் கடக்கும் இடங்களை முதலில் முடிவுசெய்யுங்கள், பூங்காவுக்குள் என்ன வைப்பது என்பதைப் பிறகு பார்க்கலாம். 'இரண்டாம் கட்டத்தில் இணைப்போம்' என்று எழுதிவைத்தால், பணம் குறையும்போது முதலில் அடிபடுவது அந்த இணைப்புதான். அமெரிக்காவின் பாஸ்டனில் பூங்கா வடிவமைப்பாளர் பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் 1878 முதல் கோத்த 'மரகத மாலை' என்ற பூங்காத் தொடரிலேயே, பிராங்க்ளின் பூங்காவைக் கடலோரத்தோடு சேர்க்க வேண்டிய கடைசிக் கண்ணி அவர் எண்ணியபடி அமையவே இல்லை.

அதே மாலை இன்னொன்றையும் சொல்லித்தருகிறது. அதன் பேக் பே பகுதி அழகுக்காக மட்டும் தொடங்கிய வேலை அல்ல. சாக்கடையும் கடல்நீரும் கலந்து நாறிக்கிடந்த சதுப்பைச் சீர்செய்யும் வடிகால் பணி அது. தண்ணீர் ஓடும் வழியை விட்டுவிட்டு, காலியாகக் கிடைத்த மனைகளையெல்லாம் சேர்த்து வழித்தடம் போடுவது அடுத்த பெரிய தவறு. ஓடையும் வடிகாலும் நகரம் முழுக்க ஏற்கெனவே தொடர்ச்சியாக ஓடுகின்றன. அவற்றின் கரை பெரும்பாலும் பொதுநிலம். தனியாரிடம் நிலம் கேட்டு நிற்க வேண்டியதில்லை. சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதைகள் 300 கிலோமீட்டரைத் தாண்டியதற்கு வடிகாலோரமும் சாலையோரமும் சும்மா கிடந்த நிலத்தைப் பயன்படுத்தியது முக்கியக் காரணம். கரைக்கு கான்கிரீட் பூசிவிட்டு மேலே பூந்தொட்டி வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நீர் இறங்க மண் இல்லாத இடத்தில் மழைநீர் தெருவுக்குத்தான் வரும்.

மண் என்றதும் மரக்குழி நினைவுக்கு வருகிறது. நடைபாதையில் ஒரு முழத்துக்குக் கல்லைப் பெயர்த்து, அடியில் கிடக்கும் கட்டட இடிபாட்டை அகற்றாமலே கன்றை நட்டுவிடுகிறார்கள். மூன்று வருடம் கழித்துப் போய்ப் பாருங்கள்: நட்டபோது இருந்த உயரத்திலேயே நிற்கும், இலை நுனி கருகியிருக்கும், தப்பி வளர்ந்ததோ, வேர் போக இடமில்லாமல் கல்லைத் தூக்கியிருக்கும். குழிகளைத் தனித்தனியாக வெட்டாமல், மரங்களுக்கு நடுவே நீளமாக ஒரே மண்பட்டை விடுங்கள்.

ஒரே வகை மரத்தை வரிசையாக நடுவதும் ஆபத்து. அமெரிக்க நகரங்களில் எல்ம் மரங்கள் நோயில் அழிந்தபோது, பல இடங்களில் அவற்றின் இடத்தை ஆஷ் மரத்தால் நிரப்பினார்கள். 2002இல் டெட்ராய்ட் பக்கம் கண்டறியப்பட்ட மரகத வண்டு, அந்த ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் தின்று தீர்த்தது. ஒரே தவறை இரண்டு முறை செய்து, இரண்டு முறையும் தெருக்கள் மொட்டையாயின. ஒரே இனம் 10 சதவீதத்தையும், ஒரே பேரினம் 20 சதவீதத்தையும், ஒரே குடும்பம் 30 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மர ஆய்வாளர் பிராங்க் சாண்டமூர் 1990இலேயே எழுதியிருந்தார். அந்த எண்களில் விவாதம் உண்டு. கலந்து நட வேண்டும் என்பதில் இல்லை.

இரவு விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வழித்தடம் முழுக்க வெள்ளை வெளிச்சம் போட்டால் வெளிச்சத்துக்கு அஞ்சும் வௌவால்கள் அந்தப் பக்கம் வராது; விட்டிலோ விளக்கைச் சுற்றிச் சுற்றியே மடியும். பாதையில் மட்டும் விழும்படி, தாழ்வாக, மஞ்சள் விளக்கு போதும்.

மனிதர்களை மறப்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற தவறு. நியூயார்க்கில் 2009இல் திறந்த ஹை லைன் பூங்காவைச் சுற்றி வாடகையும் நிலமதிப்பும் எகிறின. ஓடையோரம் இத்தனை காலம் நாற்றத்தையும் கொசுவையும் சகித்து வாழ்ந்தவர்கள், அங்கே நிழல் வந்த பிறகு வெளியேற நேர்ந்தால் அது அநியாயம். வாடகைப் பாதுகாப்பும் குடியிருப்பு உறுதியும் மரம் நடுவதற்கு முன்பே கையெழுத்தாக வேண்டும். கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2016இல் பசுமை வழித்தடங்களைத் தொடங்கியபோது, எளிய குடும்பங்களைச் சேர்ந்தவர்களைத் தோட்டக்காரர்களாகப் பயிற்றுவித்து வேலையில் வைத்தது. பராமரிப்புக்கும் வழி பிறந்தது, வீட்டுக்கு வருமானமும் வந்தது.

பராமரிப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. கால்வாய் ஒரு துறையிடம், சாலை இன்னொன்றிடம், பூங்கா மூன்றாவதிடம் இருக்கும். நான் பார்த்தவரை, காய்ந்துபோன கன்றுகள் பெரும்பாலும் இரண்டு துறைகளின் எல்லையில்தான் நிற்கின்றன. வழித்தடம் முழுவதற்கும் ஒரே பொறுப்பாளர் வேண்டும். முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் பணம் அவர் கையில் இருக்க வேண்டும். அவர் அலுவலகத் தொலைபேசி எண் ஒவ்வொரு நுழைவாயில் பலகையிலும் இருக்க வேண்டும்.