நகைக் கலைஞருக்குப் பல்கலைக்கழகத்தில் கண்காட்சி வைப்பது எப்படி

நகை மட்டும் செய்தவருக்கும், நகை செய்தபடியே நாற்பது வருடம் பாடம் நடத்தியவருக்கும் ஒரே மாதிரி கண்காட்சி வைக்கக் கூடாது. அமெரிக்க நகைக் கலைஞர் ஆர்லின் ஃபிஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் 1931இல் பிறந்தவர், டென்மார்க்கில் வெள்ளி வேலை கற்றவர், 1961இல் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நகைப் பிரிவைத் தொடங்கி 2000 வரை அங்கேயே கற்பித்தவர். நூலில் செய்யும் நெசவு, பின்னல், கொக்கிப் பின்னல் (குரோஷே) எல்லாவற்றையும் வெள்ளி, செம்புக் கம்பியில் செய்து காட்டினார். அதை எப்படிச் செய்வது என்று 1975இல் புத்தகமும் எழுதினார். இப்படிப்பட்டவருக்குக் கண்காட்சி வைத்தால், பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அந்தக் கைவேலை புரிந்திருக்க வேண்டும்.

அதனால் முதலில் தேட வேண்டியது பளபளக்கும் நகைகளை அல்ல, இழுப்பறையில் கிடக்கும் மாதிரித் துண்டுகளை. பாதியில் விட்ட பின்னல், வகுப்பில் காட்டுவதற்காகச் செய்த விரல் நீளப் பட்டை, குறிப்பு நோட்டு, கைப்பிடி தேய்ந்த கருவிகள், எதையும் தூக்கிப் போட விடாதீர்கள். கம்பியை வளைக்க வளைக்க அது இறுகிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் முறிந்துவிடும். நெருப்பில் காட்டினால் மறுபடி இளகும். இதைச் சுவரில் எழுதி வைப்பதைவிட, புதிய கம்பி, இறுகி முறிந்த கம்பி, காய்ச்சி இளக்கிய கம்பி என்று மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

அப்புறம் ஒரு தொட்டுப் பார்க்கும் மேசை. 30 கேஜ் செம்புக் கம்பி, அதாவது கால் மில்லிமீட்டர் தடிமன் உள்ளது, ஒரு சுருள் வாங்குங்கள். சாதாரண ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் மாணவர் ஒருவர் உள்ளங்கை அகலத்துக்குப் பின்னிக் கொடுத்தால் போதும். கண்ணாடிக்குள் இருக்கும் கழுத்தணி எவ்வளவு லேசானது, எப்படி வளையும் என்பது கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இடப்பற்றாக்குறை என்று வேறு எதை வெட்டினாலும் சரி, இந்த மேசையை வெட்டாதீர்கள்.

கழுத்தணியைத் தட்டையாகப் படுக்க வைத்தால் அது செத்துப்போகும். தோள், கழுத்து அளவுக்கு வடிவம் செய்து அதில் போடுங்கள், பக்கத்தில் யாராவது அதை அணிந்திருக்கும் படம் ஒன்று.

நகைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டி விஷயத்தில் கவனமாக இருங்கள். நான் உதவிக்குப் போன ஒரு கண்காட்சியில், பார்க்க அழகாக இருக்கிறதே என்று பெட்டிக்குள் கம்பளித் துணி விரித்திருந்தார்கள், சில வாரங்களிலேயே வெள்ளி மஞ்சளாகி ஓரங்களில் கறுக்கத் தொடங்கிவிட்டது. கம்பளி, ரப்பர் இரண்டிலிருந்தும் கந்தகம் கசியும், வெள்ளிக்கு அதுதான் எமன். சில மரப்பலகைகளும் பசைகளும் அமிலம் விடும். அருங்காட்சியகங்களில் பெட்டிக்குப் போடும் பொருளை வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோடு ஈரப்பதமுள்ள குப்பியில் அடைத்து 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைத்து, உலோகம் கறுக்கிறதா, அரிக்கிறதா என்று சோதிப்பார்கள். வேதியியல் துறை அதே வளாகத்தில்தானே இருக்கிறது, இரண்டு மாதம் முன்னாடியே போய்க் கேளுங்கள்.

கறுத்துவிட்டதே என்று வீட்டு விளக்கைத் தேய்க்கிற மாதிரி விபூதி போட்டுத் தேய்க்கப் போகாதீர்கள். பொடி கண்ணிகளுக்குள் அடைத்துக்கொண்டால் எடுக்கவே முடியாது, அழுத்தினால் பின்னலும் நசுங்கும். பின்னல் நகையை எடுக்கும்போது பருத்திக் கையுறையும் வேண்டாம், அதன் இழை கம்பி நுனியில் மாட்டி இழுத்துவிடும். நைட்ரைல் என்ற வழவழப்பான செயற்கைக் கையுறைதான் சரி.

பாதி இடத்தை மாணவர்களின் வேலைக்கு ஒதுக்குங்கள் என்பேன். பழைய மாணவர்களுக்கு எழுதி, ஒரு நகையும், ஆசிரியரிடம் கற்ற ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லும் நாலு வரியும் கேளுங்கள். நகைக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் படிப்பு, விருது எல்லாம் வேண்டாம், அந்த நாலு வரி இருக்கட்டும். இரவல் வாங்கும் ஒவ்வொன்றையும் வாங்கிய அன்றே முன்னும் பின்னும் படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள வளைவு, கீறலைக் குறித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் அந்தப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கண்காட்சி முடிந்ததும் தொட்டுப் பார்க்கும் மேசையில் இருந்த பின்னல்களைப் பெட்டியில் கட்டி மேலே ஏற்றிவிடாமல், மாணவர்கள் வேலை செய்யும் பட்டறைக்கே கொடுத்துவிடுங்கள்.