பழைய தமிழ்ப் படப்பாட்டுத் தட்டு: கடையில் வாங்குவது எப்போது, இணையத்தில் வாங்குவது எப்போது

நாற்பது ஐம்பது வருடம் பல வீடுகளில் ஓடிய எல்பி (நீண்ட நேரம் ஓடும் வினைல்) தட்டைக் கண்ணால் பார்க்காமல் வாங்குவது சூதாட்டம். அதனால் பழைய தட்டுக்கு முதலிடம் கடைக்குத்தான். ஒரு குறிப்பிட்ட படத்தின் தட்டுதான் வேண்டும் என்றால் கடைகடையாக ஏறி இறங்கினாலும் வருடக்கணக்கில் சிக்காமல் போகலாம். அங்கே இணையம் கைகொடுக்கும். புதிதாக அச்சிட்ட மறுபதிப்புகளை எங்கே விலை குறைவோ அங்கே வாங்கலாம்.

சென்னையில் மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அதன் கடைகள் சென்ட்ரலை ஒட்டிய அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. பழைய புத்தகங்களோடு தட்டுகளையும் அங்கே தேடலாம். மற்ற ஊர்களில் காயலான் கடை, பழைய ரேடியோ பழுதுபார்க்கும் கடை இரண்டையும் விடாதீர்கள். பகலில் போங்கள். ஒரு சிறு டார்ச், மென்மையான மைக்ரோஃபைபர் துணி, போன் மூன்றும் போதும்.

தட்டை உறையிலிருந்து எடுத்ததும் முதலில் லேபிளைப் படியுங்கள். உறை ஒரு படம், உள்ளே வேறு படம் என்பது பழைய கடைகளில் அன்றாடம் நடப்பது. உறையில் உள்ள எண், லேபிளில் உள்ள எண் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். லேபிளைச் சுற்றியுள்ள வழுவழுப்பான வளையத்தில் பொறித்திருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம் என்று வந்த எல்பிகள் தமிழில் நிறைய உண்டு. நீங்கள் தேடும் பாட்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தின் நிலையை வைத்தே விலை பேசுங்கள். 7 அங்குலத் தட்டு என்றால் 45 வேகம்தான் (நிமிடத்துக்கு 45 சுற்று) என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ‘சூப்பர் 7’ என்று 33⅓ வேகத்தில் வந்தவையும் இருக்கின்றன, லேபிளில் போட்டிருக்கும்.

இனி டார்ச். நேராக அடித்தால் எல்லாத் தட்டும் பளபளக்கும். பக்கவாட்டில் சாய்த்து அடித்து, தட்டை மெதுவாகச் சுற்றுங்கள். மெல்லிய முடிக்கோடுகள் பெரும்பாலும் காதுக்குக் கேட்காது. சந்தேகமான கீறலை விரல்நுனியால் மெல்லத் தடவுங்கள். தட்டுப்பட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டிக்’ கேட்கும். தடத்தோடு (ஊசி ஓடும் பள்ளத்தோடு) ஒட்டிப்போகும் ஆழக்கீறலாக இருந்தால் ஊசி ஒரே வரியில் மாட்டிக்கொள்ளும்.

கீறலைவிட மோசமானது தேய்மானம், ஆனால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அந்தக் காலத்து ரெக்கார்ட் பிளேயர்கள் பலவற்றில் ஊசியின் அழுத்தம் 5 கிராமுக்கும் மேலே. இன்றைய பிளேயர்களில் 2 கிராம் சுற்றுவட்டாரம்தான். கனமான, தேய்ந்த ஊசி தடத்தின் சுவரை அரித்துவிடும். கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்தது போல் தெரிந்தால் அதுதான். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டின் மேல்தான் இது முதலில் தெரியும். காரணம் எளிது: 33⅓ வேகத்தில் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. தடம் ஓடுகிறது, லேபிள் அருகே வெறும் 20 செ.மீ. அதே ஒலி அங்கே நெருக்கியடித்து வெட்டப்பட்டிருப்பதால் சேதமும் சீக்கிரம் கேட்கிறது. கடையில் பிளேயர் இருந்தால் முதல் பாட்டைக் கேட்காதீர்கள். கடைசிப் பாட்டில் குரல் உச்சத்துக்குப் போகும் இடத்தை வைக்கச் சொல்லுங்கள். ‘ச’, ‘ஷ’ வரும் இடங்களில் கரகரத்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது.

நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் தட்டு அதிகம் ஓடியிருக்கிறது. கண்மட்டத்தில் பிடித்து நெளிவையும் பார்த்துவிடுங்கள். விளிம்பில் லேசான அலை இருந்தால் ஊசி சமாளிக்கும்; ஒரே இடத்தில் சட்டென எழும் மேடு இருந்தால் ஊசி துள்ளும். வெள்ளைப் புள்ளிகளும் நாற்றமும் பூஞ்சணம். நம் ஊர் ஈரத்தில் அது சகஜம், கழுவினால் பெரும்பாலும் போய்விடும். விலையைக் குறைக்க நல்ல காரணமும்கூட. பழைய உரிமையாளரின் பெயர், நூலக முத்திரை இவற்றால் ஒலிக்குக் கேடில்லை.

78 வேகத் தட்டுகளின் கதை தனி. அவை அரக்குச் சேர்ந்த கலவை, கீழே விழுந்தால் உடைந்துவிடும். விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் மயிரிழை விரிசலை இரண்டு பக்கமும் தேடுங்கள். எல்பி ஊசி இதற்கு உதவாது. முனையின் ஆரம் மூன்று மில், அதாவது சுமார் 76 மைக்ரான் உள்ள ஊசி வேண்டும். ஆல்கஹால் கலந்த திரவம் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். 78 தட்டுகளைத் தபாலில் வரவழைப்பதைக் கூடியவரை தவிர்ப்பதே நல்லது.

கடைக்காரரிடம் விலை பேசும்போது பத்துத் தட்டைச் சேர்த்து வைத்து மொத்த விலை கேளுங்கள். தேடும் படங்களின் பெயரையும் உங்கள் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு வீட்டுச் சேகரிப்பு மொத்தமாக வந்து இறங்கும் நாளில் அவர் முதலில் கூப்பிடும் ஆளாக நீங்கள் இருப்பீர்கள். கடையோடு பழகுவதில் உள்ள மிகப் பெரிய லாபம் இதுதான்.

இணையத்தில் வாங்கும்போது, தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்தத் தட்டின் பக்கத்தைத் திறந்து, விற்பனை வரலாற்றைப் பாருங்கள். விற்பவர்கள் கேட்கும் விலை வேறு, உண்மையில் விற்ற விலை வேறு. பேரம் பேச இரண்டாவதுதான் உதவும். தர மதிப்பீட்டில் ‘வெரி குட்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: பாட்டின் மெல்லிய இடங்களில் இரைச்சல் கேட்கும் என்று பொருள். நிம்மதியாகக் கேட்க ‘வெரி குட் பிளஸ்’ அல்லது அதற்கு மேல் வேண்டும். மதிப்பீடு பார்த்துச் சொன்னதா, ஓட்டிக் கேட்டுச் சொன்னதா என்று கேளுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் இரண்டு பக்கப் படங்கள், லேபிள், உறையின் மூலைகள், கடைசிப் பாட்டு ஒரு நிமிடம் ஓடும் வீடியோ: இவற்றை அனுப்ப மறுப்பவரிடம் விலை உயர்ந்த தட்டு வாங்க வேண்டாம். முன்பின் தெரியாதவருக்கு முழுப் பணத்தையும் நேரடியாக அனுப்பிவிட்டால் திரும்ப வாங்க வழி இருக்காது. தளத்தின் வழியாகவே செலுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரியைத் தபால் செலவும் சேர்த்துக் கணக்கிடுவார்கள் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

பணம் கட்டும் முன்பே பேக்கிங் பற்றிப் பேசிவிடுங்கள். தட்டை அட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு பின்னால் வைக்க வேண்டும். உள்ளேயே விட்டால் வழியில் ஏற்படும் குலுக்கலில் தட்டின் விளிம்பு உறையின் ஒட்டிய ஓரத்தைப் பிளந்துவிடும். இரண்டு பக்கமும் உறையைவிடச் சற்றுப் பெரிய நெளி அட்டைகள், வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்படி. சித்திரை, வைகாசி வெயிலில் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம், வேன் சூட்டில் வினைல் நெளியும்.

பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, லேபிள் நனையாமல், தடத்தின் திசையிலேயே துடைத்து, வெறும் வடிநீரால் அலசி நிழலில் உலர்த்துங்கள். பழைய காகித உள்ளுறையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பாலித்தீன் உள்ளுறை போடுங்கள். பிறகு கடைசிப் பாட்டிலிருந்து கேட்டுப் பாருங்கள். குறை இருந்தால், திருப்பி அனுப்பத் தளம் தந்திருக்கும் நாட்களுக்குள் வீடியோவோடு எழுதிவிடுங்கள்.