முகூர்த்த பிளவுஸ் பத்தாமல் போனால்

கல்யாணத்துக்கு 2 நாள் இருக்கும்போது பட்டு பிளவுஸ் மார்பில் 1 அங்குலம் பத்தவில்லை. அளவுக்குக் கொடுத்தது பழைய காட்டன் பிளவுஸ்; அது உடுத்தி உடுத்தி இளகியிருக்கும். லைனிங் வைத்த பட்டு இளகாது.

ஊக்கை நகர்த்தாதீர்கள், முன்பட்டி கோணிக்கொள்ளும். பக்கத் தையலுக்கு உள்ளே விட்டிருக்கும் துணியைப் பாருங்கள். கால் அங்குலம் தள்ளித் தைத்தால் போதும்: இரு பக்கமும் முன்துண்டு, பின்துண்டு என்று 4 கால், மொத்தம் 1 அங்குலம் கிடைத்துவிடும். கை விளிம்பிலிருந்து அக்குள் வழியாக இடுப்புவரை ஒரே ஓட்டமாகப் புதுத் தையலை முதலில் போட்டுவிட்டு, அப்புறம்தான் பழையதைப் பிரிக்க வேண்டும். முதலிலேயே பிரித்தால் பட்டு ஒரு பக்கம், லைனிங் ஒரு பக்கம் நழுவும்.

பழைய ஊசித் துளைகள் பட்டில் பளிச்சென்று தெரியும். நகத்தால் குறுக்கும் நெடுக்குமாக மெல்ல வருடி, மேலே காட்டன் துணி விரித்து மிதமான சூட்டில் தேய்த்தால் பாதி மறையும்; மீதி கைக்கு அடியில் போய்விடும். தண்ணீர் தெளித்தால் மட்டும் கறை நின்றுவிடும், ஜாக்கிரதை.

தைக்கக் கொடுக்கும்போதே பக்கத்துக்கு 1 அங்குலம் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ஆரி வேலை வேண்டாம். மணிமேல் மெஷின் ஊசி ஏறாது.